கதவைத் தட்டிய மூன்று பேர்... ஒரே ராத்திரியில் வாழ்க்கையை மாற்றிக்கொண்ட ஐடா ஸ்கடர்!

மரக்காணம் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது நோய் என்னவென்றே பிடிபடவில்லை என்றால், பேச்சு எப்படிப் போகும் தெரியுமா? முதலில் திண்டிவனம் ஆஸ்பத்திரி. அடுத்து பாண்டிச்சேரி ஜிப்மர். அங்கேயும் ஒண்ணும் தெரியலைன்னா, வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லிவிடுவார், பேசாம வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு. அவர் வேலூர் என்று சொல்வது ஊரை இல்லை, சி.எம்.சி-யை.

அந்த ஆஸ்பத்திரி இருப்பது வேலூரில்தான். ஆனால், அது உருவாகக் காரணமான சம்பவம் நடந்தது நம்ம பக்கத்தில். மரக்காணம் உப்பளத்திலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் வரும் திண்டிவனத்தில், 1890-களின் தொடக்கத்தில், ஒரு ராத்திரியில்.

அந்த ராத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாகணும். நியூயார்க்கில் டாக்டராக இருந்த ஜான் ஸ்கடர், அந்த வேலையை விட்டுவிட்டு 1819-இல் இலங்கைக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் மருத்துவமும் மதப்பணியும் செய்துவிட்டு, பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் ஏழு பேர் மிஷனரிகள் ஆனார்கள். இந்தக் குடும்பத்திலிருந்து நான்கு தலைமுறைகளில் 40 பேருக்கு மேல் இப்படி வேலை செய்திருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜூனியர் ஜான் ஸ்கடரின் மகள்தான் ஐடா சோபியா ஸ்கடர். 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார்.

சின்ன வயசிலேயே ஐடா பார்த்தது, 1876-78 தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணமும் அதைச் சுற்றிய பகுதிகளும் சேர்ந்து 55 லட்சம் பேருக்கு மேல் செத்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. மரக்காணத்தில் வந்து முடிகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதில் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டை வெட்டியது, அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த பட்டினிக்காரர்கள்தான். அப்பா நிவாரண முகாம் நடத்த, ரொட்டியைப் பிய்த்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற வேலை சின்னஞ்சிறு ஐடாவுக்கும் வந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகளில் சிலருக்குக் கையைத் தூக்கி வாங்கவே தெம்பில்லை.

1878-இல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில வருடங்களில் அப்பா மறுபடியும் இந்தியாவுக்குக் கிளம்பினார், பின்னாலேயே அம்மாவும். ஐடாவை மட்டும் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். இந்தக் குடும்பத்தின் தியாகத்தைப் பாராட்டிப் பேசுகிற பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு அது முடியவில்லை. பெற்றவர்களை ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக வளர்ந்த பெண் அவர். அதனாலேயே இந்தியா என்றாலே அவருக்குக் கசந்தது. நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் படிக்கும்போது அவருடைய திட்டம் ரொம்பத் தெளிவு: மிஷனரி ஆகவே மாட்டேன். அமெரிக்காவிலேயே கல்யாணம், வசதியான வீடு, சந்தோஷமான வாழ்க்கை. 20 வயசுப் பெண் இப்படி ஆசைப்படுவதில் என்ன தப்பு?

1890-இல் திண்டிவனத்திலிருந்து செய்தி வந்தது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று. பார்த்துக்கொள்ள வந்தார், கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு.

உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமாக இருந்த, மரக்காணத்து உப்பு கால்வாயில் படகேறிப் போன காலம் அது. இந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பிரசவம் என்றால் வீட்டுத் திண்ணைக்குப் பின்னால் ஒரு இருட்டறை, ஒரு மருத்துவச்சி, அவ்வளவுதான். குழந்தை குறுக்கே நின்றுவிட்டால் மருத்துவச்சிக்கும் வழி தெரியாது.

அன்று ராத்திரி ஐடா தன் அறையில் விளக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு இளம் பிராமணர் வந்து நின்றார். பிரசவ வலியில் மனைவி துடிக்கிறாள், நீங்கள் வந்து காப்பாற்ற வேண்டும் என்றார். எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரோடு நானும் துணைக்கு வருகிறேன் என்றார் ஐடா. அந்த மனிதர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் தன் மனைவியின் முகத்தைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு இருட்டில் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் காலடிச் சத்தம். இந்த முறை ஒரு முஸ்லிம் கணவர். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொருவர், மேல்சாதி இந்து. அவரும் அப்படியே.

மூன்று வாசல்களுக்கும் போகத் தயாராக ஒரு நல்ல டாக்டர் பக்கத்து அறையிலேயே இருந்தார் என்பதுதான் இதில் கொடுமை. மருந்து இருந்தது, கருவி இருந்தது, கை இருந்தது. அந்தக் கை ஆணுடையது என்பதால் பயன்படவில்லை.

ஐடா அன்று தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இதை ஏதோ திண்டிவனத்துக்காரர்களின் மூடத்தனம் என்று மட்டும் படிக்க வேண்டாம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த மேரி ஷார்லீபின் முயற்சியால் 1885-இல் கோஷா பெண்களுக்கென்றே சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி வந்தது. இப்போதும் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா மருத்துவமனை, அதுதான். வழி இருந்தது. அது 120 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

அந்த ராத்திரியைத் தேவசெய்தி என்று பிரசங்கங்களில் சொல்வது வழக்கம். ஐடாவும் அதைத் தனக்கு வந்த அழைப்பாகத்தான் எடுத்துக்கொண்டார், ராத்திரி முழுக்க ஜெபம் செய்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஆனால், ஜெபம் முடிந்து எழுந்தவர் எடுத்த முடிவைப் பாருங்கள்: அமெரிக்கா போய் டாக்டர் படிப்பு படிப்பேன், திரும்பி வருவேன். மனசு உருகியதோடு நிற்காமல், வருடக்கணக்கான படிப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டார். அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

1895-இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பும் முன் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டணும். ஒரு வீட்டில் அவர் விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்து அறையிலிருந்து ஷெல் என்ற வயதான பேங்கர் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கூப்பிட்டு, இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-இல் வேலூர் வந்தார். அப்பாவிடம் தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். அந்த வருடம் மே மாதமே அப்பா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். வந்த புதிதில் இந்தச் சின்னப் பெண்ணை நம்பி யாரும் வரவில்லை. பங்களாவில் ஒரு சிறிய அறை, ஒரே ஒரு கட்டில். அங்கே தொடங்கியதுதான். இரண்டு வருடங்களில் சுமார் 5,000 நோயாளிகளைப் பார்த்துவிட்டார். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது.

நோயாளி வரவில்லையா, நாம் போவோம் என்று கிளம்பியது அடுத்து. முதலில் மாட்டுவண்டி, பிறகு குலுங்கிக் குலுங்கி ஓடும் சின்ன பிரெஞ்சு பூஜோ கார். குடியாத்தம் சாலையில் அந்தக் கார் வந்தபோது பேய் வண்டி என்று ஜனங்கள் வயலுக்குள் ஓடினார்களாம். போகப் போக, குறிப்பிட்ட மரத்தடிகளில் கார் வருவதற்கு முன்பே கூட்டம் காத்திருக்க ஆரம்பித்தது. சீழ்ப் பிடித்த காது, கண் நோய், ஆறாத புண், தொழுநோய் எல்லாவற்றுக்கும் மரத்தடியிலேயே மருந்து. இன்னைக்கு நாம மொபைல் கிளினிக்னு சொல்றோமே, அதேதான்.

ஒருத்தர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? இந்தக் கேள்விதான் அவரை டாக்டரிலிருந்து டீச்சர் ஆக்கியது. 1909-இல் நர்சிங் பள்ளி. அடுத்து, பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று கேட்டபோது, சென்னையின் தலைமை மருத்துவ அதிகாரி கர்னல் பிரைசன், மனு போடப் பெண்களே வரமாட்டார்கள் என்று சந்தேகப்பட்டார். வந்த மனுக்கள் 151! 1918 ஆகஸ்ட் 12-ஆம் தேதி கவர்னர் பென்ட்லாண்ட் பள்ளியைத் திறந்து வைத்தார். கையில் இருந்தது ஒரு மைக்ராஸ்கோப், சில புத்தகங்கள், கொஞ்சம் எலும்புகள். முதல் தேர்வில் ஆண்களே அஞ்சில் ஒருத்தர்தான் தேறுவார், ஏமாந்துவிடாதீர்கள் என்று பிரைசன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஐடாவின் மாணவிகள் 14 பேரும் தேறினார்கள். அந்த 14 பேரும் 1922-இல் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். 1928-இல் காந்தி இந்தப் பள்ளிக்கு வந்து பார்த்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அழகான கதை. ஆனால், அவருடைய நிஜமான சோதனை 67 வயதுக்கு மேல் வந்தது.

1938-இல் மாகாண அரசு விதியை மாற்றியது. இனி டிப்ளமோ டாக்டர்கள் கிடையாது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.பி.பி.எஸ். மட்டும்தான். கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான். அவ்வளவு பணம் பெண்கள் அமைப்புகளிடம் இல்லை. ஆண்களையும் சேர்த்தால் எல்லாச் சபைகளும் சேர்ந்து காப்பாற்றும் என்றொரு வழி வந்தது.

எவ்வளவு சிக்கலான முடிவு இது! பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத் தொடங்கிய இடம். அதற்காக அமெரிக்காவில் ஊர் ஊராகப் பணம் சேர்த்துக் கொடுத்தவர் ஐடாவின் நெருங்கிய தோழி லூசி பீபாடி. பெண்களுக்கென்று கொடுத்த காசை ஆண்களுக்குத் திருப்புவது துரோகம் என்றார் அவர். அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐடா யோசித்து, கல்லூரி பிழைப்பதே முக்கியம் என்று சேர்ந்து படிக்கும் பக்கம் நின்றார். நட்பு உடைந்தது. உலகப் போர் நடந்த நேரத்தில், 1941-இல், 70 வயதில் அமெரிக்கா போய் மறுபடியும் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1942-இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்பு தற்காலிகமாகக் கிடைத்தது. 1947-இல் ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள்.

அவர் எடுத்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதாடலாம். லூசியின் கோபத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால், நாற்பது வருடம் தூக்கிப்பிடித்த ஒரு கொள்கையைத் தன் கையாலேயே தளர்த்த அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய ஜெபம் அந்த நாள்களில் எதைக் கேட்டது என்று யாருக்குத் தெரியும்.

1946-இல் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ், முதல் இந்தியர். அதே நாற்பதுகளின் கடைசியில்தான் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த ஆரம்பித்தார். குடியாத்தம் சாலை மரத்தடியில் மருந்து வாங்கி நின்றவர்களின் கைகள் அவை.

ஐடா கடைசி வருடங்களைக் கோடைக்கானலில் கழித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம் இறந்தபோது வயது 89. வேலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஊர்வலத்தில் எல்லா மதத்துக்காரர்களும் நடந்தார்கள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். உறையில் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும்தான் இருந்தது. ஊர் இல்லை, மாகாணம் இல்லை. தபால்காரர் நேராக வேலூருக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.