நரம்பியல் மேதை டாக்டர் பி. இராமமூர்த்தி

முதுகலையில் உளவியல் பயில விழையும் மாணவர் சிலர், அறிதிறன் உளவியல், நரம்பு உளவியல் ஆகிய துறைகளைக் குறித்து நம்மிடம் வினவுவதுண்டு. தமிழாசிரியராகிய நமக்கு அவற்றில் புலமை இல்லை. ஆயினும், ஒருவரது வரலாற்றை அவர்களுக்குச் சொல்ல நாம் தவறுவதில்லை. மேடவாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியே தரமணி சென்றால் வி.எச்.எஸ். மருத்துவமனையைக் காணலாம். அங்குள்ள நரம்பியல் நடுவத்தை வளர்த்தெடுத்தவர்களுள் தலையாயவர் டாக்டர் பி. இராமமூர்த்தி.

1922ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் சீர்காழியில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1947இல் எடின்பரோவின் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவைப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்னரே வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இத்துறைக்கு வித்திட்டிருந்தார். இவ்விருவரும் டாக்டர் எஸ்.டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோருடன் கூடி 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

மூளையைத் தொடுபவர் மனத்தையும் தொடுகிறார் என்பதை உலகம் உணரத் தொடங்கிய காலம் அது. 1953இல் அமெரிக்காவில், வலிப்பு நோய் தீர்க்கும் பொருட்டு ஓர் இளைஞரின் மூளையிலிருந்து இருபுறத்து ஹிப்போகாம்பசின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டது. வலிப்புக் குறைந்தது, ஆனால், அன்றுமுதல் நிகழ்வனவற்றை நினைவில் இருத்தும் ஆற்றல் அவரைவிட்டு நீங்கியது. பிரெண்டா மில்னர் என்னும் உளவியல் அம்மையார் அவரை ஆராய்ந்து எழுதியவையே இன்றும் நரம்பு உளவியல் மாணவர்க்கு முதற்பாடம்.

சென்னையிலும் அத்தகையதொரு துணிவு நிகழ்ந்தது. கட்டுக்கடங்காச் சினமும் வன்செயலும் உடைய நோயாளிகளுக்கு, மூளையின் பொட்டுமடலுள் வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்த அமிக்டலாவின் ஒரு பகுதியை அழிக்கும் முறையை ஜப்பானிய அறிஞர் நாராபயாஷி 1963இல் வெளியிட்டார். டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் இராமமூர்த்தியும் அதனை ஈண்டு மேற்கொண்டனர். 1988இல் இராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரை, இவ்வகை அறுவைகள் அறுநூற்றுக்கும் மேற்பட்டவற்றின் பயனைக் கூறுகிறது. அவர்களுள் சிறாரும் இருந்தனர். மருந்துக்கு அடங்காத பிள்ளையைக் கட்டிவைத்துக் காத்த பெற்றோரின் துயரை நாம் எளிதாக எண்ணுதல் தகாது. எனினும், தன் ஒப்புதலைத் தானே சொல்லவியலாத ஒருவரின் மூளையில் மாற்றம் செய்ய எவருக்கு உரிமை உண்டு என்னும் வினா எழத்தான் செய்தது. அவ்வினாவில் நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். அதனால் அம்மேதையின்பால் நமக்குள்ள மதிப்புக் குறைந்ததன்று.

அறுவைக் கூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. டாக்டர் பி.என். டாண்டனுடன் இணைந்து நரம்பறுவைப் பாடநூலைத் தொகுத்தார். உணர்வுநிலை என்பது யாது என்னும் ஆராய்ச்சியிலும் யோகப் பயிற்சியிலும் நாட்டம் கொண்டிருந்தார். 2003ஆம் ஆண்டு திசம்பர் 13ஆம் நாள் மறைந்தார்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அமைந்த தெருவுக்கும் மேடவாக்கம் குளச் சாலை என்றே பெயர். நம் ஊரைத் தேடி அங்குச் சென்று அலைந்தோர் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, நோயாளி அறிந்து அளிக்கும் ஒப்புதலும் மனநல வாரியத்தின் இசைவும் இன்றி, மனநோய்க்கென மூளையில் அறுவை செய்தல் இயலாது.