டிராக்டர் பொம்மை தந்த கணக்கர்
5 பவுன் கடனில் தொடங்கிய பிராங்க் ஹார்ன்பி கதை

பண்ருட்டியில் இருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். பலாவும் முந்திரியும் செழிக்கும் பூமி. இந்த வட்டாரத்துக் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமானுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு நுங்குக் கூந்தல், ஒரு குச்சி, ஒரு கவட்டை இருந்தால் போதும். வண்டி தயார்! பண்ருட்டி மண் பொம்மைகளோ கொலு வைக்கும் வீடுகளில் பேர் பெற்றவை.

நுங்கு வண்டி காய்ந்தால் அடுப்புக்குப் போகும். மண் பொம்மை உடைந்தால் குப்பைக்குப் போகும். விளையாட்டுச் சாமானுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்பது நம் கணக்கு.

ஆனால், சில பென்ஸ் காசுக்கு விற்ற பொம்மைகளை இன்று ஏலம் போட்டு வாங்குகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் டிராக்டர், ஏர், மாடு, ஆடு எல்லாவற்றுக்கும் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தைக்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் பிராங்க் ஹார்ன்பி. அவர் என்ஜினீயர் அல்ல; கணக்கு எழுதிப் பிழைத்தவர்.

பள்ளியை விட்ட பையன்

இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற துறைமுக நகரம். அங்கே 1863-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி ஹார்ன்பி பிறந்தார். தகப்பனார் உணவுப் பொருள் வியாபாரி. ஹார்ன்பிக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. 16 வயதில் பள்ளியை விட்டார். தகப்பனாரின் கடையிலேயே காசாளர் ஆனார்.

1887-ல் கிளாரா என்ற ஆசிரியையை மணந்தார். இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண்ணும் பிறந்தனர்.

1899-ல் தகப்பனார் காலமானார். கடையும் மூடப்பட்டது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே! டேவிட் எலியட் என்ற இறைச்சி இறக்குமதி வியாபாரியிடம் கணக்கர் வேலைக்குச் சேர்ந்தார்.

ஓட்டை போட்ட தகடு

மாலையில் வீடு திரும்பியதும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்து கொடுப்பது ஹார்ன்பியின் வழக்கம். தகரத்தை வெட்டிப் பாலம் செய்வார், பாரந்தூக்கி செய்வார். ஒவ்வொரு சாமானுக்கும் புதிதாகத் தகடு வெட்ட வேண்டியிருந்தது. அதுதான் தொல்லை.

ஒருநாள் ரெயிலில் போகும்போது, சரக்கு ஏற்றும் இடத்தில் நின்ற பாரந்தூக்கி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அப்போதுதான் யோசனை உதித்தது. தகடுகளில் ஒரே அளவு இடைவெளி விட்டு ஓட்டைகள் போட்டால்? அவற்றைத் திருகாணியாலும் மரையாலும் முடுக்கினால்? இன்று பாலமாக இருப்பதைப் பிரித்து நாளை வண்டி ஆக்கலாம். ஒரே பெட்டியில் ஓராயிரம் விளையாட்டு!

வீட்டிலேயே கையால் தகடு வெட்டினார். அரை அங்குலத்துக்கு ஓர் ஓட்டை போட்டார். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்.

இதை மற்றவர்கள் காப்பி அடிக்காமல் இருக்க உரிமை பதிய வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். கையில் இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுன் கடன் கேட்டார். எலியட் கொடுத்தார். 1901 ஜனவரியில் உரிமை பதிவாயிற்று. பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தையும் எலியட் கொடுத்து, கூட்டாளியாகவும் சேர்ந்தார்.

லாபம் இல்லாத வருடங்கள்

1902-ல் முதல் பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை ஏழரை ஷில்லிங். அன்றைய தொழிலாளி வீட்டுக்கு அது பெரிய தொகை. கடைக்காரர்கள் தயங்கினார்கள். பாகங்களை வெளியாட்கள் செய்து கொடுத்தார்கள், தரம் சரியில்லை.

ஹார்ன்பி விடவில்லை. பகலில் வேலை, இரவில் பொம்மை. 1906-ல்தான் முதல்முறையாகக் கொஞ்சம் லாபம் கண்டது. மறு ஆண்டு துணிந்து வேலையை விட்டார். கடன் வாங்கிச் சொந்தப் பட்டறை தொடங்கினார். பொம்மைக்கு மெக்கானோ என்று பெயர் சூட்டினார்.

1908-ல் கம்பெனி அமைக்கும் வேளை வந்தது. கைகொடுத்த எலியட் அதில் சேரவில்லை. எல்லாப் பொறுப்பும் ஹார்ன்பியின் தலையில் விழுந்தது. அவர் அஞ்சவில்லை. 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலையே எழுந்தது. 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி ரெயில் வந்தது.

செல்வம் பெருகியது. ஆனால் வீட்டில் துயரமும் நுழைந்தது. அருமை மகள் பட்ரீஷியா இறந்துபோனாள். உலகத்துக் குழந்தைகளை எல்லாம் மகிழ்வித்தவருக்கு, தன் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

பண்ணைக்கு வந்த மவுசு

முதல் உலக யுத்தம் முடிந்த சமயம் அது. லட்சக்கணக்கான வீடுகளில் சாவு விழுந்திருந்தது. பிள்ளைகளுக்கு ஈயச் சிப்பாய் வாங்கித் தரப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. சிப்பாய் பொம்மைக்குப் பேர் போன பிரிட்டன்ஸ் கம்பெனி இதைப் புரிந்துகொண்டது. 1920-களின் தொடக்கத்தில் மாடு, ஆடு, உழவர் என்று பண்ணைப் பொம்மைகளை வார்த்து விற்றது. துப்பாக்கி போய்க் கலப்பை வந்தது!

ஹார்ன்பியும் சும்மா இருக்கவில்லை. ரெயில் பாதையின் ஓரத்தில் வைக்கச் சிறு உருவங்களை வெளியிட்டார். அவற்றில் குதிரை, பசு, பன்றி, ஆடு அடங்கிய பண்ணைப் பெட்டியும் ஒன்று. 1933 கடைசியில் ஆறு வண்டிகள் கொண்ட பெட்டி வந்தது. கார், லாரி, டாங்கியோடு ஒரு டிராக்டரும் அதில் இருந்தது. 1934-ல் இந்த வரிசைக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. புகழ் பெற்ற டிங்கி குடும்பத்தின் முதல் பிள்ளைகளில் ஒன்று, உழவனின் வண்டி!

1931-ல் ஹார்ன்பி பாராளுமன்ற உறுப்பினர் ஆகியிருந்தார். 1935-ல் அதில் இருந்து ஒதுங்கினார். இதய நோயும் சர்க்கரை வியாதியும் வாட்டின. 1936 செப்டம்பர் 21-ந் தேதி, 73-வது வயதில் காலமானார்.

கல்கத்தாவுக்கு வந்த அச்சு

அவருக்குப் பிறகும் பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டாம் யுத்தம் முடிந்து 1948-ல் டிங்கியின் மாஸி-ஹாரிஸ் டிராக்டர் வந்தது. அதன் பின்னால் பூட்ட எரு வாரி இறைக்கும் வண்டியும், பரம்புக் கருவியும் வந்தன. நிஜ வயலில் எது ஓடியதோ, அதுவே பொம்மையாயிற்று. 1960-களின் கடைசியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் இந்தியக் கடைகளில் அந்தக் கார்கள் விற்றன.

ஆனால் பின்ஸ் ரோட்டுக்குக் கெட்ட காலம் பிறந்தது. பிளாஸ்டிக்கும் மலிவுப் பொம்மைகளும் போட்டிக்கு வந்தன. கம்பெனி கை மாறியது. 1979 நவம்பரில் தொழிற்சாலை மூடப்பட்டது. பல நூறு பேர் வேலை இழந்தார்கள்.

குப்பையில் இருந்து ஏலத்துக்கு

தொழிற்சாலை மூடியது, பொம்மையின் விலை ஏறியது! சிறு வயதில் விளையாடியவர்கள் வளர்ந்து சம்பாதித்தார்கள். தொலைத்த பொம்மையைத் தேடித் தேடி வாங்கினார்கள். 2008-ல் ஒரு பழைய டிங்கி வேன் ஏறத்தாழ 20 ஆயிரம் பவுனுக்கு ஏலம் போனது.

அமெரிக்காவில் பண்ணைப் பொம்மைக்கே தனி உலகம் உண்டு. 1945-ல் பிரெட் எர்ட்ல் என்பவர் வீட்டிலேயே அலுமினியத்தை உருக்கி டிராக்டர் பொம்மை வார்த்தார். அவரது கம்பெனி பிறகு குடியேறிய டயர்ஸ்வில் ஊரில், பண்ணைப் பொம்மைகளுக்கென்றே 1986-ல் காட்சிச்சாலை திறந்தார்கள்.

இந்தச் சந்தையின் விதிகள் வேடிக்கையானவை. அட்டைப் பெட்டியோடு இருந்தால் விலை அதிகம். கம்பெனி அடித்த வர்ணம் இருக்க வேண்டும்; அழகு செய்கிறேன் என்று புது வர்ணம் பூசினால் விலை விழும். யுத்தத்துக்கு முந்தைய பொம்மைகளில் சில தானாகவே வெடித்து உதிர்கின்றன. வார்த்த துத்தநாகத்தில் ஈயம் கலந்துவிட்டதே காரணம்.

விலையும் ஒரே நிலையில் நிற்பதில்லை. டிங்கியோடு வளர்ந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்கள் சேர்த்தவை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வருகின்றன. சாதாரணமாகக் கிடைக்கும் பொம்மைக்குக் கிராக்கி குறைகிறது. அபூர்வமான, பழுதில்லாத பொம்மைக்குத்தான் போட்டி.

பூட்டவும் பிரிக்கவும் உருட்டவும் பொம்மை செய்தவர் ஹார்ன்பி. ஆனால் எந்தக் குழந்தையும் தொடாத பொம்மைக்குத்தான் இன்று விலை! வர்ணம் உதிர்ந்து, சக்கரம் தேய்ந்த டிராக்டருக்கு ஏலத்தில் மதிப்பில்லை. ஆனால் அதுதான் ஒரு பிள்ளையின் கையில் வயல் வயலாக உழுதது. இரவில் விழித்திருந்து தகடு வெட்டிய அந்தத் தகப்பன் ஆசைப்பட்டதும் அதற்குத்தான்.