ஒரு யாழ்கூட மிச்சமில்லை... பாட்டை வைத்தே யாழைத் தேடிய விபுலானந்தர்! யார் இவர்?

வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்து பார்க்கணும்னு ஆசையா? பழைய கிட்டார் ஒன்றைப் பிரித்து அளவெடுத்தால் பாதி வேலை முடிந்தது. வீணை செய்யணுமா? பலா மரத்தைக் குடைந்து வீணை செய்யும் கைவினைஞர்கள் தஞ்சாவூரில் இன்றும் இருக்கிறார்கள், போய்க் கற்றுக்கொள்ளலாம்.

யாழ் செய்யணும் என்றால்? இங்கேதான் சிக்கல். பிரித்துப் பார்க்கப் பழைய யாழ் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. மரமும் தோலும் நரம்பும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. செய்யத் தெரிந்தவர்களும் இல்லை, வாசிக்கத் தெரிந்தவர்களும் இல்லை.

இந்த நிலைமையில்தான் ஒருவர் 14 வருடம் யாழின் பின்னாலேயே அலைந்தார். அவர் தச்சரும் இல்லை, மேடை வித்துவானும் இல்லை. அறிவியல் படித்த ஒரு துறவி. பெயர் விபுலானந்த அடிகள்.

யார் இந்த விபுலானந்தர்?

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவில் 1892 மார்ச் 27-ம் தேதி பிறந்தார். பெற்றோர் சாமித்தம்பி, கண்ணம்மை. இயற்பெயர் மயில்வாகனன்.

படிப்பில் இவர் இரண்டு குதிரையில் சவாரி செய்தவர். ஒரு பக்கம் அறிவியல் டிப்ளமோ, லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்சி. பட்டம். இன்னொரு பக்கம் 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வு. இலங்கையிலிருந்து அந்தத் தேர்வில் முதலில் தேறியவர் இவர்தான்.

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு சென்னை மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-ல் துறவறம் ஏற்று விபுலானந்தர் ஆனார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர், கொழும்பில் மறுபடியும் தமிழ்ப் பேராசிரியர் என்று ஊர் ஊராக வாழ்க்கை. எந்த ஊருக்குப் போனாலும் யாழ் பற்றிய கணக்கும் கூடவே போனது.

பாட்டுக்குள் இருந்த டிசைன்

பொருள் இல்லை, சரி. குறிப்புகளாவது இருக்கிறதா? இருக்கிறது, சங்க இலக்கியத்தில்.

கரிகால் சோழனைப் பற்றி முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை, யாழை உறுப்பு உறுப்பாக விவரிக்கிறது. அடியில் உள்ள பத்தர், அதாவது ஒலிப்பெட்டி, மானின் குளம்புத் தடம் மாதிரி நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தாழ்ந்திருக்கும். அதன் மேல் விளக்குச் சுடரின் நிறத்தில் தோல் போர்த்தி இழுத்துக் கட்டியிருக்கும். துளைகளை அடைத்த ஆணிகள் வளைக்குள் இருக்கும் நண்டின் கண் மாதிரி தெரியும். தண்டு, பாம்பு தலைதூக்கியது போல வளைந்து நிற்கும். நரம்பை இறுக்கும் திவவு என்ற கட்டுகள், பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல் போல வரிசையாக இருக்கும்.

படிக்கும்போது வெறும் உவமை மாதிரி தெரியும். ஆனால் கருவி செய்ய உட்காருபவருக்கு இது ஒரு வரைபடம். மியான்மரில் இன்றும் வாசிக்கப்படும் சவுங் என்ற வில் வடிவக் கருவியைப் பாருங்கள். அதிலும் வளைந்த தண்டில் நரம்புகளைக் கயிற்றுக் கட்டுகளால் இறுக்கும் வழக்கம் உண்டு. புலவர் சொன்ன வளையல் அடுக்கு கண்முன்னே வந்துவிடும்.

உருவம் கிடைத்தால் போதுமா?

போதாது. படத்தைப் பார்த்து மரத்தில் ஒரு யாழ் செய்துவிடலாம். ஷோகேஸில் வைக்க அது சரி. வாசிக்கணும் என்றால், எந்த நரம்பு எந்தச் சுரத்தில் ஒலிக்கணும் என்று தெரிந்தாக வேண்டும்.

வீணையில் மெட்டு இருக்கிறது. ஒரே தந்தியை வெவ்வேறு இடத்தில் அழுத்தி வெவ்வேறு சுரம் எடுக்கலாம். யாழில் மெட்டு கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். அதனால்தான் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, பேரியாழுக்கு 21 நரம்பு. சுருதி சேர்ப்பதில் தப்பு நடந்தால் மொத்தக் கருவியும் தப்பு.

இந்த இடத்தில்தான் விபுலானந்தரின் அறிவியல் படிப்பு கைகொடுத்தது. ஒரே தடிமன், ஒரே இழுவிசை உள்ள 60 செ.மீ. நரம்பை எடுத்துக்கொள்வோம். அதைப் பாதியாக்கி 30 செ.மீ. வைத்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். 40 செ.மீ. வைத்தால் பஞ்சமம். 45 செ.மீ. வைத்தால் மத்தியமம். இந்த விகிதக் கணக்கை வைத்துக்கொண்டு, சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் சொல்லும் பழைய இசை இலக்கணத்தை அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

22-ஆ, 24-ஆ?

பழந்தமிழில் ஏழு சுரங்களின் பெயர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகு சொல்லப்படுகிறது. கூட்டினால் 22.

இதற்கு முன்பே இதில் பெரிய விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. தென்காசி பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்து தஞ்சாவூரில் சித்த மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-ல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் நூலில் 24 என்றார். ஒரு ஸ்தாயியை 24 சம பங்காகப் பிரிக்கணும் என்பது அவர் வாதம். விபுலானந்தர் 22-ல் நின்றார்.

இது வெறும் எண் சண்டை இல்லை. எந்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து யாழில் கேட்கும் பண்ணே மாறிவிடும். நம் முன்னோர் கேட்ட இசை எது என்ற கேள்விதான் இதற்குள் இருந்தது.

ஆறு வாரம்தான்

ஆய்வு முழுவதும் யாழ் நூல் என்ற புத்தகமாக வந்தது. மொத்தம் ஏழு இயல்கள். வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். 1947 ஜூன் தொடக்கத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேற்றம். அவருடைய கணக்குப்படி உருவான முளரி யாழும் சில வீணை வகைகளும் ஊர்வலமாக எடுத்து வரப்பட்டன. க.பொ. சிவானந்தம் பிள்ளை யாழ் வாசித்தார். பல நூற்றாண்டாக ஏட்டில் மட்டும் இருந்த பெயர் காதில் கேட்டது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஆறே வாரத்தில், ஜூலை 19-ம் தேதி, விபுலானந்தர் கொழும்பில் காலமானார். வயது 55. மட்டக்களப்பில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் சொன்னது எல்லாமே சரியா?

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அசல் யாழ் ஒன்று கிடைக்காதவரை, எந்த மீட்டுருவாக்கமும் ஓர் ஊகம்தான். ஆனால் ஊகம் எந்தப் பாடலிலிருந்து, எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று அவர் படிப்படியாக எழுதி வைத்தார். அதனால் மறுப்பவர்களும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து மறுக்க முடிகிறது.

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஓர் இளம் கருவி வடிவமைப்பாளர் தன் பட்டறையில் யாழ் செய்து, அதை வைத்துப் பாட்டும் வெளியிட்டார். இனி வேறு யாராவது வீட்டு மாடியில் மரமும் உளியுமாக உட்காரலாம். பத்தரும் தண்டும் தயாரான பிறகு, முதல் நரம்பைக் கட்டி இறுக்கும்போது அவருக்கும் அதே கேள்வி வரும்: இதை எந்தச் சுரத்துக்குச் சேர்ப்பது? அதற்கு விபுலானந்தர் போட்ட கணக்கு யாழ் நூலில் இருக்கிறது.