கோப்பி நோயின் காரணத்தைக் கண்டறிந்த மார்ஷல் வோர்ட் (1854–1906)



பழைய பாணில் படரும் பூஞ்சணத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எமது எருக்கலம்பிட்டிக் கரையில் ஒதுங்கும் மரக்கட்டைகளையும், கண்டற் தாவரங்களின் விழுந்த கிளைகளையும் மெல்ல மெல்ல உக்கச் செய்யும் உயிரிகளுள்ளும் பங்கசுக்கள் உண்டு. இவ்வாறு தரையிலும் கடலிலும் வாழும் பங்கசுக்களுள் ஒன்று எமது நாட்டின் வரலாற்றையே மாற்றியது. அதனை ஆராய்ந்தவரே ஹரி மார்ஷல் வோர்ட்.

இளமையும் கல்வியும்

இவர் 1854ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹியர்போர்ட் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் கற்று, 1879இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். பின்னர் ஜேர்மனிக்குச் சென்று தாவரவியலை மேலும் கற்றார்.

இலங்கை வருகை

அக்காலத்தில் மலைநாட்டின் செல்வம் கோப்பியே. தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களுள் பெருந்தொகையினர் தலைமன்னாரில் இறங்கி, எமது தீவைக் கடந்து, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்களது பிழைப்பும் கோப்பிச் செடியிலேயே தங்கியிருந்தது.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் தோன்றியது. இதற்குக் காரணமான பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிடப்பட்டது. வஸ்டாட்ரிக்ஸ் என்னும் இலத்தீன் சொல் பாழாக்குவது எனப் பொருள்படும். நோய் தோட்டம் தோட்டமாகப் பரவியது. எனவே அரசாங்கம் 1880இல் வோர்ட்டை இங்கு அழைத்தது. அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர்.

ஆய்வு

மண் வளம் குன்றியமையே நோய்க்குக் காரணம் எனத் தோட்டத்துரைமார் சிலர் கருதினர். வோர்ட் ஊகத்தை நம்பவில்லை, பரிசோதனையை நம்பினார். சுகமான இலையில் நீர்த்துளியுடன் வித்திகளை இட்டு நுணுக்குக்காட்டியினூடாக அவதானித்தார். வித்தி முளைத்து, அதன் நுண்ணிழை இலைவாயினூடாக உள்ளே புகுவதைக் கண்டார். சில வாரங்களில் அதே இடத்தில் நோய்ப் புள்ளி தோன்றியது. ஒட்டும் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, வித்திகள் காற்றில் பரவுவதையும் நிரூபித்தார்.

மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமையே இவ்வொட்டுண்ணிக்கு வழிதிறந்தது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

விளைவு

தோட்டத்துரைமார் எதிர்பார்த்தது மருந்தை. வோர்ட் கொடுத்ததோ காரணத்தை. நோய் இலையினுள் புகுந்தபின் மேலே தூவும் கந்தகமும் சுண்ணாம்பும் பெரும் பயன் தரா என்பதே அவர் கண்ட உண்மை. 1882இல் அவர் நாடு திரும்பினார். கோப்பி வீழ்ந்தது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தொழிலாளர்களின் உழைப்பும் தேயிலைக்கு மாறியது.

வோர்ட் தோற்றுவிட்டாரா? இல்லை. பயிர் நோய்களை ஆராயும் முறைக்கு அவரது பணி முன்மாதிரியானது. 1895இல் கேம்பிரிட்ஜில் தாவரவியற் பேராசிரியரானார். 1906இல் தமது 52ஆவது வயதில் காலமானார். அதே பங்கசு 1970இல் பிரேசிலிலும் காணப்பட்டது. இன்றும் அது கோப்பியின் பெரும் பகையாகவே உள்ளது.

நினைவிற் கொள்க

1. வோர்ட் கோப்பியைக் காப்பாற்றினார் என விடை எழுதாதீர்கள். அவர் நோய் தொற்றும் முறையையும் பரவும் முறையையும் நிரூபித்தார்.
2. பங்கசு – ஒட்டுண்ணி. கோப்பிச் செடி – விருந்துவழங்கி.
3. வித்திகள் காற்றினால் பரவும். முளைப்பதற்கு நீர் தேவை.
4. ஒரே பயிரைப் பெருநிலப்பரப்பில் செய்கை பண்ணுவது நோய் விரைந்து பரவ உதவும்.

மாணவர்களே, விடை தெரியாத வினாவைக் கண்டு அஞ்சாதீர்கள். முதலில் காரணத்தைத் தேடுங்கள். மருந்து தாமதமாக வரலாம். ஆனால் காரணம் தெரியாமல் மருந்து கிடைப்பது அரிது.