தடைகளுக்கிடையே ஓர் இயக்கம்: அறிஞர் இப்னு சீனா

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கி விரையும் பேருந்தில் ஓட்டுநர் திடீரெனப் பிரேக்கை மிதித்தால், நின்றுகொண்டிருப்போர் அனைவரும் முன்நோக்கிச் சாய்கின்றனர். சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையே எழும் உராய்வு வண்டியை நிறுத்துகிறது. நம் உடலோ ஓட்டத்தைக் கைவிட மறுக்கிறது. ஓடும் பொருள் ஏன் ஓடுகிறது? ஏன் நிற்கிறது? இவ்வினாக்களை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்ந்து ஆராய்ந்த பெருமகனார் இப்னு சீனா ஆவார்.

அவர் 980இல் புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்தார். பத்து வயதிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்தார். இளமையிலேயே மருத்துவத்தில் தேர்ந்து, நோயுற்ற சாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்சூருக்குச் சிகிச்சை செய்தார். அதன் பயனாக அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்தது.

பின்னர் வாழ்க்கை அவரை ஊர் ஊராக அலைக்கழித்தது. ஹமதானில் அமைச்சரானார், படைவீரர் கலகம் செய்து அவர் இல்லத்தைச் சூறையாடினர். மன்னர் மறைந்தபின் மருந்து வணிகர் ஒருவர் இல்லத்தில் மறைந்து வாழ்ந்தார். அந்த மறைவிடத்திலேதான் 'கிதாபுஷ் ஷிஃபா' என்னும் பெருநூலின் இயற்பியற் பகுதியை எழுதினார். அடுத்து ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதச் சிறைவாசம். பின்னர் சூஃபியர் உடையில் தப்பி இஸ்பஹான் சேர்ந்தார்.

எறிந்த கல்லைக் காற்றே உந்திச் செல்கிறது என்பது அரிஸ்டாட்டில் கொள்கை. இப்னு சீனா இதனை ஏற்கவில்லை. எறிபவர் கல்லுக்கு ஓர் உந்தலை வழங்குகிறார். அதற்கு 'மைல்' என்று பெயர். காற்று முதலிய தடைகள் அதனைக் குறைத்துக் கல்லை நிறுத்துகின்றன. தடையே இல்லையெனில் இயக்கம் ஓயாது. இது அவர் கண்ட முடிபு. மணலில் உருட்டிய கோலிக்குண்டு விரைவில் நிற்பதையும், வழவழப்பான தரையில் நெடுந்தூரம் ஓடுவதையும் கண்ட சிறுவர்க்கும் இது விளங்கும். மாட்டுவண்டியின் அச்சுக்கு மசகு இட்ட நம் உழவரும் இத்தடையைக் குறைக்கவே முயன்றனர். ஆயினும் உராய்வு முற்றும் பகையன்று. அஃதின்றேல் நாம் ஓரடியும் எடுத்து வைக்க இயலாது. பாசி படிந்த படித்துறையில் வழுக்கி விழுந்தோர் இதனை அறிவர்.

நியூட்டனின் விதியை இவர் முன்பே சொல்லிவிட்டார் என முழங்குவோர் நம்மில் உண்டு. அது முறையன்று. ஓயாத இயக்கம் இயலாது எனக் கருதிய இப்னு சீனா, அதனையே வெற்றிடம் இல்லை என்பதற்குச் சான்றாக்கினார். இயக்க விதிகளைக் கணித முறையில் நிறுவிய பெருமை 1687இல் நூல் வெளியிட்ட நியூட்டனுக்கு உரியது. உராய்வை அளந்து விதி கண்டோர் 1699இல் அமோந்தோனும் 1785இல் கூலும்புமே. பழைய கொள்கையை அஞ்சாது வினவித் தடையின் பங்கை எடுத்துக் காட்டியமையே இப்னு சீனாவின் பெருமை. அதற்கு மிகைப்பூச்சு வேண்டுவதில்லை.

1037ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில், வயிற்று நோயால் ஹமதானில் அவர் இறையடி சேர்ந்தார். அவரது மருத்துவ நூல் 'அல்கானூன்' ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாக விளங்கியது.

ஏந்திய விளக்கும் அமைதியான அறையும் வாய்த்தால்தான் படிக்க இயலும் என்று எண்ணும் மாணவச் செல்வங்கள், மறைவிடத்தில் இயற்பியல் எழுதிய அவ்வறிஞரை ஒருகணம் நினைத்தல் நலம்.