ஆற்றின் நிறம் சொன்ன செய்தி

ஜொகூர் மாநிலத்தின் தங்காக் நகருக்கு அருகே 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் மலை நிற்கிறது. ஆங்கிலேயர் இதனை ஓபிர் மலை என்று அழைத்தனர். 1854ஆம் ஆண்டில் மலாக்காவிலிருந்து வந்து இம்மலையில் ஏறியவர்தான் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ்.

வாலஸ் 1823இல் வேல்ஸ் நாட்டிலுள்ள அஸ்க் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். வறுமையின் காரணமாகப் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டார். அண்ணனுடன் நில அளவைப் பணி செய்தபோது பாறைகளையும் செடிகளையும் உற்று நோக்கப் பழகினார்.

1848இல் அவர் அமேசான் பகுதிக்குச் சென்றார். அங்குள்ள ஆறுகள் ஒரே நிறத்தில் இல்லை என்பதைக் கவனித்து, வெள்ளை, நீலம், கருமை என அவற்றை மூவகையாகப் பிரித்தார். ஆண்டிஸ் மலையிலிருந்து வரும் ஆறுகள், சிதைந்த பாறையின் வண்டலைச் சுமந்து பால் கலந்த தேநீர் போல் ஓடின. பழமையான பாறை நிலத்தில் தோன்றிய ஆறுகள் தெளிந்திருந்தன. ரியோ நெக்ரோ ஆறோ, மட்கிய இலைகளின் சாறு கலந்து, பாலில்லாத் தேநீர் போல் கறுத்திருந்தது. நீரின் நிறம் அது கடந்து வந்த நிலத்தைக் காட்டியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், நீரில் கரைந்துள்ள தாதுக்களை ஆராய்ந்த அறிவியலாளர்களும் இப்பிரிவை ஏற்றுக்கொண்டனர்.

1852இல் நாடு திரும்பும் வழியில் அவரது கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. அவருடன் இருந்த சேகரிப்புகள் எரிந்து சாம்பலாயின. சில ஓவியங்களும் குறிப்புகளுமே எஞ்சின. பத்து நாள் படகில் தத்தளித்த பின்னரே அவர் மீட்கப்பட்டார். எனினும் அவர் மனம் தளரவில்லை. எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு 1853இல் தம் பயண நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

லேடாங் மலைச்சரிவில் 'பாடாங் பத்து' எனப்படும் பாறை வெளியை அவர் அடைந்தார். வெறும் பாறையில் மழைநீர் தங்கவில்லை. வெடிப்புகளில் மட்டும் செடிகள் செழித்திருந்தன. தாகத்தால் வாடிய குழுவினர், கெண்டிச் செடிகளில் பூச்சிகளுடன் தேங்கியிருந்த நீரைப் பருகித் தாகம் தணித்தனர்.

அத்தகைய வெடிப்புகளில்தான் பாறை மண்ணாக மாறத் தொடங்குகிறது. கரிவளி கலந்த மழைநீர் மென் அமிலமாகிக் கருங்கல்லை மெல்ல அரிக்கிறது. வேர்கள் வெடிப்பை மேலும் விரிக்கின்றன. சிதைந்த பாறையின் ஒரு பகுதி களிமண்ணாகிறது. கரைந்த தாதுக்கள் ஓடையில் கலக்கின்றன.

வாலஸ் இவ்வட்டாரத் தீவுகளில் எட்டாண்டுகள் ஆய்வு செய்தார். இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை டார்வினைப் போலவே தாமும் தனித்துக் கண்டறிந்தார். 1913இல், தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார். பள்ளிப் படிப்பை இழந்தவருக்கு மலையும் ஆறுமே பாடநூல்களாயின.