சர்வர் வேலை பார்த்து மோட்டார் சைக்கிள் வாங்கியவர்

காளஹஸ்தியிலும் திருப்பதியிலும் ஹோட்டல்களில் சர்வராக வேலை பார்க்கும் தமிழர்கள் எத்தனையோ பேர் உண்டு. வருகிற சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஊருக்குப் போகும்போது ஒரு வண்டி வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்களில் பலருடைய ஆசை. நூறு வருஷங்களுக்கு முன்பு கோயம்புத்தூரில் ஓர் இளைஞர் இதே ஆசையோடுதான் ஹோட்டல் வேலைக்குப் போனார். பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் ஜி.டி.நாயுடு என்று அறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடுதான் அவர்.

கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23ந் தேதி பிறந்தார். வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியில் பழகுவது தமிழ். அந்தக் காலத்தில் சித்தூரும் கோயம்புத்தூரும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. தகப்பனார் விவசாயி. பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். ஆனால் புத்தகங்களை விடவில்லை. அவராகவே தேடித் தேடிப் படித்தார்.

இருபது வயதை ஒட்டிய பருவத்தில்தான் அவர் அந்த வண்டியைக் கண்டார். லங்காஷயர் என்ற வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி கிராமத்துப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். அது ரட்ஜ் வண்டி. இங்கிலாந்தில் கோவெண்ட்ரி நகரத்துக் கம்பெனி செய்தது. அது மோட்டார் சைக்கிள் விற்கத் தொடங்கியதே 1911ல்தான். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே பழகிய கிராமம் அது. இழுக்க மாடும் இல்லை, மிதிக்கக் காலும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறது! பார்த்த மற்றவர்கள் அதிசயித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். துரைசாமிக்கு அப்படிப் போக முடியவில்லை. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அந்த வண்டி தம் கையில் இருக்க வேண்டும்.

கையில் காசு கிடையாது. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலையில் அமர்ந்தார். சுமார் மூன்று வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார். பிறகு மறுபடியும் பூட்டினார். மெக்கானிக் தொழிலை அவருக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அந்த வண்டிதான். ஹோட்டல் கூலியில் மூன்று வருஷம் சேர்த்து வாங்கிய பொருளைக் கழற்றிப் போடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது, அப்படிச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்தார். முதல் உலக யுத்த காலத்தில் நல்ல லாபம் கிடைத்தது. பம்பாய் போய் அங்குள்ள பஞ்சு வியாபாரிகளோடு போட்டியிட்டதில் அத்தனையும் போயிற்று. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

கை கொடுத்தது மறுபடியும் மோட்டார்தான். கோவையில் பெரிய தொழிலதிபராக இருந்த ஸ்டேன்ஸ் துரை, ஒரு பஸ் வாங்குவதற்குப் பணம் கடன் கொடுத்தார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றை பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. பழனிக்குப் போகும் யாத்ரீகர் கூட்டம் பஸ்ஸை நிரப்பியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ.எம்.எஸ்., என்று பெயர் பெற்ற அந்தக் கம்பெனியில் 1933ல் சுமார் 280 பஸ்கள் இருந்தன.

அதன் பிறகு அவர் கைவைக்காத துறை இல்லை. 1937ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின்சார மோட்டாரை வெளியிட்டார். பாட்டரியில் இயங்கும் சவர ரேஸர், மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் யந்திரம், மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். 1936ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவிலேயே படம் பிடித்தார். அவரை இந்தியாவின் எடிசன் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. எடிசனும் பள்ளிக்கூடத்தில் நிலைக்காதவர் என்பதால் பெயர் பொருத்தம்தான்.

இத்தனைக்கும் நடுவே வாகனத்தின் மேல் அவருக்கிருந்த பற்று குறையவே இல்லை. 1952ல், அறுபதை நெருங்கிய வயதில், இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சிறிய பெட்ரோல் காரைச் செய்து முடித்தார். விலை 2,000 ரூபாய்தான் என்றார். கார் என்பது ஜமீன்தாருக்கும் மில் முதலாளிக்கும் மட்டுமே உரியதாக இருந்த காலம் அது. குமாஸ்தா ஒருவர் கஷ்டப்பட்டுச் சேர்த்தால் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் கார் தர அவர் முன்வந்தார். ஒரு காலத்தில் வண்டிக்காகக் காசு சேர்த்தவர் அல்லவா!

ஆனால் தொழிற்சாலை வைக்கச் சர்க்காரின் லைசென்ஸ் வேண்டும் என்ற சட்டம் அதற்கு முந்தைய வருஷம் 1951ல்தான் வந்திருந்தது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது. அந்நியச் செலாவணி, இரும்புத் தட்டுப்பாடு என்று சர்க்காருக்கு அன்று ஆயிரம் கவலைகள் இருந்தது உண்மை. ஆனாலும் நடுத்தரக் குடும்பத்துக்கென்று ஒரு சின்னக் கார், மாருதி, 1983 டிசம்பரில்தான் ரோட்டுக்கு வந்தது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. 31 வருஷம் வீணாயிற்று.

சர்க்காரோடு அவருக்கு உரசல் அது மட்டுமல்ல. 1945ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் அமையப் பொருள் உதவி, அதன் முதல்வராகவும் இருந்தார். நான்கு வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடிக்கலாம் என்பது அவர் கட்சி. அதிகாரிகள் சம்மதிக்காததால் விலகிவிட்டார். பிறகு வரிக் கொள்கையைக் கண்டித்து, தாம் செய்த ரேடியோக்களையும் கடிகாரங்களையும் ஜனங்கள் முன்னிலையில் போட்டு உடைத்தார். கோபம் நியாயமானதுதான். இருந்தாலும் உடைந்த ரேடியோவால் யாருக்கு என்ன லாபம்?

1974 ஜனவரி 4ந் தேதி தமது 80வது வயதில் காலமானார். கார் தொழிற்சாலை கடைசி வரை கைகூடவில்லை.

தகப்பனாரின் மோட்டார்ப் பித்து மகன் ஜி.டி.கோபாலுக்கும் இருந்தது. பல தேசத்துப் பழைய கார்களை அவர் சேகரித்தார். 2015ல் கோவை அவிநாசி ரோட்டில் அவற்றுக்கென ஒரு காட்சிச்சாலை திறக்கப்பட்டது. திருப்பதியிலிருந்து கோவைக்கு நேரடி ரயில் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகும் கொங்கு நாட்டுக்காரர்கள் ஒரு நாள் குழந்தைகளை அங்கே அழைத்துப் போகலாம்.